முதுகு திரும்பிய காட்சி

அழுகுணி என்ற பெயரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு மத்தியானம். பக்கத்து அறையில் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. பசிக்கு அழுகிற மாதிரி தெரியவில்லை. ஏற்றி இறக்கி, நடுவில் நிறுத்தி, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடியும் தொடங்குகிற அழுகை. புதுப்பெண் நான், எழுந்து போய்த் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கதவருகே நின்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையைத் தூக்காமலே, "பதறாதே, அழுகுணி வந்திருக்கா. அவ வாய மூடினாத்தான் நீ பதறணும்" என்றார்.

என் வீட்டுக்காரருடைய கடைசித் தங்கையின் இரண்டாவது மகள் அவள். எனக்கு நாத்தனார் மகள், அவளுக்கு நான் அத்தை. வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதோடு சரி, வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவளுக்கு நாலு வயதாகும்போது நாத்தனார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் வேலை தேடிப் போகிறேன் என்று போன ஊரில் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். மிச்சமிருந்தது அக்காக்காரி ஒருத்திதான். பதினைந்து வயதுப் பெண். தங்கைக்குத் தலை வாரி, சோறூட்டி, முதுகில் தூக்கிக்கொண்டே கடைக்குப் போய் வந்து, தான் விளையாட வேண்டிய வயதில் தாயாகிவிட்டாள். அவளுக்கு நாங்கள் மாப்பிள்ளை பார்த்தபோது, சின்னவளும் கூடத்தான் வருவாள், சம்மதமா என்று அவளே நேருக்கு நேர் கேட்டாள். மாப்பிள்ளை சரி என்றார். இதை முதலில் சொல்லி வைக்கிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டு அந்த அக்காவைக் கல் என்று நினைத்துவிடக்கூடாது.

மாப்பிள்ளை கார் ஓட்டினார். யாருக்கு என்றால், ஊரிலேயே பெரிய டப்பிங் கூடம் வைத்திருந்த முதலாளிக்கு. படம் எடுத்து முடித்த பிறகு குரல் சேர்க்கிற இடம் அது. சுவர் முழுக்கத் துணி போர்த்தி உள்ளே பஞ்சு திணித்திருக்கும். ஒரு கதவைத் தாண்டினால் இன்னொரு கதவு. வெளியே லாரி கவிழ்ந்தாலும் உள்ளே கேட்காது, உள்ளே என்ன நடந்தாலும் வெளியே கேட்காது.

ஒரு நாள் ஏதோ படத்தில் நடித்த குழந்தைக்கு அழுகை வரவில்லை என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, இலவசமாகவே அழும் என்று மாப்பிள்ளை வாயை விட்டிருக்கிறார். முக்காலி மேல் ஏற்றி மைக் முன்னால் நிறுத்தினார்கள். அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, யாராவது அந்தப் பிள்ளையை அடித்துவிட்டார்களா என்று பார்க்க ஓடி வந்தாராம். அன்றைக்கு ஆரம்பித்தது தொழில்.

வளர வளர அவளுக்கு வசனம் கொடுத்தார்கள், ஆனால் கூப்பிட்டது என்னவோ அழுகைக்குத்தான். அழகாக இருக்கிற நடிகைகளுக்கு அழத் தெரியாது. தும்மல் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள், சத்தம் இவளுடையது. விக்கி அழுவது, விம்மி அழுவது, சிரித்துக்கொண்டே அழுவது என்று வகை வகையாக வைத்திருந்தாள். அடுப்படியில் பழகுவாள். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார், இவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே, நாளைக்கு எனக்குப் புருஷன் சாகிறான் அக்கா என்பாள். ஒரு படத்தில் ஒரே பிணத்துக்குத் தாய், பெண்டாட்டி, சின்ன வீடு என்று மூன்று பேருக்கும் இவளே அழுதாள். "அடிச்சுக்கிட்டதும் நான்தான் அத்தை, விலக்கி விட்டதும் நான்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். தொழிலில் மட்டும்தான் அழுவாள். வெளியே அவளைப் போலச் சிரிக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் நின்றுபோயிற்று. இருபது வயது தாண்டியிருந்தாள். அக்கா வீட்டை விட்டுத் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். முதலாளியின் கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு வேறு சின்னச் சின்னக் கூடங்களுக்குப் போனாள். அக்கா தங்கைக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அதே வருஷம் மாப்பிள்ளை கார் சாவியைக் கீழே வைத்தார், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி அவர்களுக்குச் சொந்த வீடு கொடுத்தார். கிரகப்பிரவேசத்துக்கு அழுகுணி வரவில்லை. உடம்பு சரியில்லை என்றாள் அக்கா. எல்லா விசேஷத்துக்கும் அதன் பிறகு அவளுக்கு உடம்பு சரியில்லாமல்தான் போயிற்று.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வந்தது வெகு காலம் கழித்து. அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும். என் வீட்டுக்காரரும் போய்விட்டார், நான் மட்டும் அந்த வீட்டில். ஒரு நாள் காலையில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை, கால் செருப்பு தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பத்திரிகைக்காரி. தன் அறையில் பேசினால் வீட்டுக்கார அம்மாவின் காது சுவரிலேயே ஒட்டியிருக்கும், இங்கே பேசிக்கொள்கிறோம் அத்தை என்றாள். காபி கலந்துகொண்டு வரும்போது பாதி கேட்டேன். டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மீதியையும் கேட்டேன்.

முதலாளியின் அறை மாடியில். அதில் சுவர் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி, உள்ளே நீல விளக்கு. வேலைக்கு வருகிற பெண்களில் யாரையாவது பார்த்து, மேலே போய் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு வா என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கீழே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். படி ஏறுகிற பெண்ணுக்கு மட்டும் தெரியாது. அந்த அறைக்கும் பஞ்சு வைத்த சுவர்தான், இரட்டைக் கதவுதான்.

இவளையும் ஒரு நாள் அப்படி அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். கேட்டு முடித்து, கையிலிருந்த சட்டையையும் மடித்து வைத்துவிட்டு, "நீ எதுக்குத்தான் அழலடி, சின்னதுலேருந்து?" என்றாளாம். அப்புறம், முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம் என்றாளாம். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அதன் பிறகு இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது அழுகுணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பத்திரிகைக்காரிதான் மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பெண் போன பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டாள். இதென்ன கேள்வி என்றேன். "அக்கா நம்பலையே" என்றாள்.

அதுதான் விஷயம். நான் நம்பியது அவளுக்குப் போதவில்லை, என்மேல் கோபமில்லை, போதவில்லை, அவ்வளவுதான். முதலாளி ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று கூட அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தில் வந்தால், பத்துப் பெண்கள் சொன்னதோடு சேர்ந்து வந்தால், அக்கா அதைப் படித்துவிட்டு ஒரு தடவை இவள் முகத்தைப் பார்த்து, ஆமாண்டி, நான் நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். தாயில்லாத பிள்ளைக்குத் தாயாக இருந்தவள் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாயைத் திறந்தாள்.

பத்திரிகைக்காரி இன்னும் பல பெண்களைப் பார்த்திருந்தாள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாது, ஆனால் எல்லோரும் மீனைத்தான் சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை வரும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேப்பர் வாங்கி விரித்தோம். முதல் பக்கம் முழுக்க முதலாளியின் புதுப் பட விளம்பரம், அதற்குள் அவர் படமும் எடுக்க ஆரம்பித்திருந்தார். அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்த வாரம் அந்தப் பெண்ணே வந்து என் வீட்டு வாசலில் நின்றாள், உள்ளே வர மாட்டேன் என்றாள். பத்திரிகை முதலாளியின் மகளுக்கும் நம் முதலாளியின் மகனுக்கும் நிச்சயம் ஆகிவிட்டதாம். உறவு முறையை எண்ணி எண்ணியே கிழவியானவள் நான், எனக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி வீட்டைப் பற்றி எவன் எழுதுவான்? அந்தப் பெண்ணை வெயில் காலத்துக்கு எந்தத் துணி நல்லது என்று எழுதுகிற பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

அழுகுணி வேலைக்குப் போனாள், வந்தாள். சிரித்தாள் கூட.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். அந்தச் சவுண்ட்காரர், சின்ன வயதில் இவள் அழுததைக் கேட்டு ஓடி வந்தாரே, அவர் முதலாளியை விட்டுவிட்டு வேறொரு சின்னக் கூடத்தில் இருந்தார். வயசாளி. அவர் இவளைக் கூப்பிட்டார். வெளிநாட்டுப் படம் ஒன்று, நம் பேச்சுக்கு மாற்றுகிறார்கள், சாட்சி சொல்கிற ஒரு பெண், ஒரே காட்சி, ஆனால் நீளமான காட்சி, நீதான் வேண்டும் என்றார்.

முதல் நாள் போய்ப் படம் முழுக்கப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், அவளும் ஒரு கை எடுத்துக்கொண்டாள். உரித்துக்கொண்டே கதை சொன்னாள். ஒரு பெரிய மனிதர், பள்ளிக்கூடத்துக்கெல்லாம் தானம் கொடுக்கிறவர். அவரால் கெட்டுப்போன பெண்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். நாலு பத்திரிகைக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள், மறுபடியும் தட்டுகிறார்கள். மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். பத்திரிகை ஆசிரியர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, அச்சுக்கு அனுப்பு என்கிறார். அத்தோடு பெரிய மனிதர் தொலைந்தார்.

"அந்த ஊரு பேப்பர் முதலாளிக்குக் கல்யாண வயசுல பொண்ணு இல்ல போல அத்தை" என்றாள்.

அப்புறம் அவளுடைய காட்சியைச் சொன்னாள். அதற்கு முன் டப்பிங்கில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். திரையில் வாய் எப்படி அசைகிறதோ அதற்குச் சரியாகச் சொல் ஒட்ட வேண்டும். வாய் மூடும்போது சொல்லும் மூட வேண்டும். அதற்காகவே வசனத்தை நீட்டுவார்கள், குறைப்பார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். சரிபார்க்க வருகிறவர்களும் வாயைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் வாய் தெரியாது. அங்கே என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், நேரத்துக்குள் முடிந்தால் சரி. அப்படிப்பட்ட இடம் வந்தால் இவர்கள் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு விடுவார்களாம். யாரும் அதைச் சரிபார்க்க மாட்டார்கள்.

இந்தப் பெண் சாட்சி சொல்லும்போது பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பத்திரிகைக்காரர் காத்திருக்கிறார். முதுகு, ஜன்னல், வெளியே மரம். அது நீண்டுகொண்டே போகிறது. மூலப் படத்தில் அங்கே நாலைந்து வார்த்தைதானாம், மீதி மௌனம்.

பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டே, அக்காவுக்குப் படம் என்றால் உயிர், இந்தப் படத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

மறுநாள் கூடத்தில் அந்த இடம் வந்தபோது எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தன்னுடையதைப் பேசினாள். பேசி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். வேலை போச்சு என்று நினைத்தாளாம். சவுண்ட்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை வேணாம்மா. இதுவே இருக்கட்டும். அந்தத் தொட்டி எனக்கும் தெரியும்" என்றார். சரிபார்க்க வந்தவர்கள் வாயை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

படம் வந்தது. மத்தியான ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். அக்கா காரில் வந்தாள், டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். மூட்டு வலி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினாள். பார்த்த உடனே தங்கையின் கன்னத்தைத் தொட்டு, இளைச்சுட்டியேடி, யார் உனக்குப் பொங்கிப் போடுறாங்க என்று கடிந்துகொண்டாள். பெரிய பாப்கார்ன் பொட்டலம் வாங்கி நடுவில் உட்கார்ந்தாள். அக்கா எதற்கும் உருகுகிற மனுஷி. திரையில் முதல் பெண் கதவைச் சாத்தும்போதே முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் காட்சி வந்தது. பெண் எழுந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பினாள். அழுகுணியின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல்.

"மேல போய் மீனுக்குத் தீனி போட்டுட்டு வான்னு சொன்னாங்க. போனேன். சுவர் நீளத்துக்குத் தொட்டி, நீல வெளிச்சம். ஒரு மீன் மட்டும் கண்ணாடிய ஒட்டி நின்னு என்னையே பாத்துச்சு. முடியற வரைக்கும் நானும் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அக்காகிட்ட சொன்னேன். அக்கா துணி மடிச்சுக்கிட்டிருந்தா. நீ எதுக்குத்தான் அழலடின்னு கேட்டா."

பொட்டலத்துக்குள் போன அக்காவின் கை வெளியே வரவில்லை. அழுகுணி திரையைப் பார்க்கவே இல்லை, இருட்டில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். பின்னால் யாரோ, ஐயோ பாவம் என்றார்கள். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. எட்டிவிட்டது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து எட்டிவிட்டது.

கடைசியில் அச்சு யந்திரம் ஓடுகிறது, லாரி லாரியாகப் பேப்பர் போகிறது, பத்திரிகை ஆபீசில் போன் மேல் போன், எல்லாம் பெண்கள். ஜனம் கைதட்டியது. விளக்குப் போட்டார்கள். கைதட்டினவர்கள் வண்டி எடுக்க முந்திக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது, காரைக் காணோம். பட விளம்பரத்துக்குக் கீழே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல படம் என்றாள் அக்கா. அந்த ஆசிரியர் மாதிரி நாலு பேர் இருந்தால் உலகம் உருப்படும் என்றாள். பாப்கார்னில் உப்பு அதிகம் என்றாள். அவள் பேசிக்கொண்டே போனாள். சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா, ஜன்னலைப் பாத்து நின்னுச்சே ஒரு பொண்ணு, அது பேசினது என்னோடது" என்றாள்.

"தெரியும்."

"குரலைச் சொல்லல அக்கா."

"நானும் குரலைச் சொல்லலடி" என்றாள் அக்கா. பொட்டலத்தின் வாயை மடித்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள். "அன்னைக்கே தெரியும். நீ வாசப்படி ஏறும்போதே தெரியும். நீ பொய் அழுகை அழுதா எனக்குத் தெரியாதா, நான் வளத்த பொண்ணு."

"அப்ப நம்பினியா?"

"நம்பாம எங்க போவேன்? நம்பிட்டேன்னு சொன்னா நான் ஏதாவது பண்ணணுமே. என்கிட்ட என்ன இருந்துச்சு? அவருக்கு முதலாளி குடுத்த சம்பளத்துலதான் அடுப்பு எரிஞ்சுது. நம்பலன்னு வெச்சுக்கிட்டா ரெண்டு பேரும் சாப்பிட்டுப் படுக்கலாம்னு நெனச்சேன்."

மழை பெஞ்சின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. சின்னவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வருஷம் முதலாளி வீடு குடுத்தாரே. அது எதுக்குன்னும் தெரியுமா?"

கார் வந்து நின்றது. டிரைவர் குடை பிடித்தான். என் தோளைப் பிடித்து எழுந்த அக்கா, "மழை வலுக்குது, ஏறுடி, இறக்கி விட்டுட்டுப் போறேன்" என்றாள். பழைய நாளில் முதுகில் ஏறச் சொன்ன அதே குரல். அழுகுணி ஏறவில்லை. நான் யாரோடு போவது என்று தெரியாமல் நின்றேன். அக்கா காரில் ஏறினாள், நான் இவளோடு நடந்தேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து என் வீட்டுக்கு வந்தோம். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை வருஷமா ஒரு கதவைத் தட்டிக்கிட்டிருந்தேன் அத்தை. அது பூட்டவே இல்லையாம். தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமில்ல" என்றாள்.

நம்பவில்லை என்று நினைத்திருந்த வரைக்கும் அவளுக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. எப்படியாவது நம்ப வைக்க வேண்டும். அன்றோடு அந்த வேலையும் போய்விட்டது. நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. சினிமா வேலை பார்க்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். மீன் என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எப்படியோ அது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. டிவியில் போடுகிற உரிமையை விலைக்கு வாங்கிவிட்டார். சவுண்ட்காரருக்கு வயதாகிவிட்டது, ஓய்வு எடுக்கட்டும் என்று அந்தச் சின்னக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு விடுமுறை நாள் பகலில் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். அழுகுணி என் வீட்டில்தான் இருந்தாள், பார்க்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. படத்துக்கு முன்னால் முதலாளி வந்தார். தலை முழுக்க வெள்ளை, நல்ல சால்வை. பெண்களின் துணிச்சலுக்கு இந்தப் படத்தைச் சமர்ப்பிக்கிறோம் என்று பேசினார். பின்னால் கை கட்டி நின்றவர்களில் எங்கள் மாப்பிள்ளையும் இருந்தார்.

அந்தக் காட்சி வந்தது. பெண் எழுந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பினாள். பேச்சு இல்லை. அழுகை மட்டும் கேட்டது. விக்கி, நிறுத்தி, மறுபடியும் ஏறுகிற அழுகை. எனக்கே தெரிந்தது அது யாருடையது என்று. கூடங்களில் இவளுடைய அழுகைகளைப் பதிந்து வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு எடுத்துப் போட. அதிலிருந்து ஒன்றை எடுத்து அவள் பேச்சின் மேல் வைத்துவிட்டார்கள்.

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். "இது அந்த ஒரே பொணத்துக்கு மூணு பேரு அழுத படம் அத்தை. இது சின்ன வீட்டோட அழுகை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

சாயங்காலம் சவுண்ட்காரர் போன் பண்ணினார். நான் இதைச் செய்யவில்லை அம்மா, என் கையால் செய்யவில்லை என்று அந்தக் கிழவர் தழுதழுத்தார். தெரியும் சார், வையுங்கள் என்று இவள்தான் தேற்றினாள்.

வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும், அழுகைதான் அவர்களிடம் கைவசம் இருக்கிறதே. புதுப் படங்களில் இன்றைக்கும் அவள் அழுகை வருகிறது. கேட்டால் நான் தெரிந்துகொள்வேன்.

அக்கா வெள்ளிக்கு வெள்ளி எனக்குப் போன் பண்ணுகிறாள். சின்னவள் சாப்பிடுகிறாளா, உடம்பு எப்படி என்று கேட்கிறாள். நான் சொல்கிறேன். அழுகிறாள். அது நிஜ அழுகைதான். வீட்டில் மாடி கட்டுகிறார்களாம், தங்கைக்கு என்று ஒரு அறை போடுகிறாளாம். அதையும் இவளிடம் சொன்னேன். அப்படியா என்றாள்.

அழுகுணி இப்போது ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து, காத்திருக்கிறவர்களை அந்த அழுகை இல்லாத குரலில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுகிற வேலை.